அகராதியில் இருக்கிறது... ஆனால், யாரும் பேசியதே இல்லை! ஆங்கிலத்தின் 'பேய்ச் சொற்கள்' கதை

'எஸ்குவிவேலியன்ஸ்.'

இந்த ஆங்கில வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 'தன்னுடைய கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது' என்று அர்த்தம். 'லன்ச் டைம், அப்புறம் வாங்க' என்று 11 மணிக்கே கவுன்ட்டரை மூடும் ஆசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். அதேதான். 2001-ல் வெளியான 'நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரி'யில் இந்த வார்த்தை இருக்கிறது. '19-ம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த சொல். நழுவுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்திருக்கலாம்' என்று பூர்வீகமும் கொடுத்திருந்தார்கள்.

அவசரப்பட்டு ஸ்டேட்டஸில் வைத்துவிடாதீர்கள். அந்த அகராதி அச்சாகும் வரை இப்படி ஒரு வார்த்தையை யாரும் பேசியதில்லை, எழுதியதில்லை. அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான கிறிஸ்டின் லிண்ட்பெர்க் உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய கற்பனை அது. எதற்காக? திருடனைப் பிடிக்க! நம் அகராதியை யாராவது அப்படியே காப்பியடித்தால் இந்த வார்த்தையும் சேர்ந்து போகும், அப்போது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. 2005-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் ஹென்றி ஆல்ஃபோர்டு எழுதிய கட்டுரையில்தான் குட்டு வெளிப்பட்டது.

கடமையைத் தட்டிக்கழிப்பதற்கான வார்த்தையை, கடமை தவறாத ஒருவர் அலுவலக வேலையாகவே உருவாக்கியிருக்கிறார் என்பது தனி வேடிக்கை.

அது இருக்கட்டும். விஷயம் நம் வீடு வரைக்கும் வருகிறது. ஃபேமிலி குரூப்பில் காலையில் வரும் 'இன்றைய ஆங்கில வார்த்தை', இன்ஸ்டாவில் மழை வீடியோவோடு வரும் 'அபூர்வ ஆங்கிலச் சொல்', போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை மனப்பாடம் செய்கிற 'ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன்' பி.டி.எஃப்... இதிலெல்லாம் இருக்கும் வார்த்தைகளை உண்மையிலேயே யாராவது பயன்படுத்துகிறார்களா? இன்டர்வியூவில் அதை எடுத்துவிட்டால், எதிரே இருப்பவர் அசந்துபோவாரா, 'அப்படின்னா என்ன தம்பி?' என்று கேட்பாரா?

'அகராதியில் இருக்கே' என்று நாம் சொல்லுவோம். அந்த பதில் போதாது என்பதற்கு ஆங்கிலத்திலேயே சுவாரஸ்யமான சாட்சிகள் உண்டு.

பல வருடம் வாழ்ந்த 'டோர்டு'

1934-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாவது பெரும் பதிப்பு வெளியானது. சுமார் 6 லட்சம் பதிவுகள், 3,000 பக்கங்களுக்கு மேல். ஒரு கையால் தூக்க முடியாத புத்தகம். அதன் 771-ம் பக்கத்தில் 'டோர்டு' என்று ஒரு வார்த்தை. பெயர்ச்சொல். இயற்பியல், வேதியியலில் 'அடர்த்தி' என்று பொருள். உச்சரிப்புக் குறிப்பும் உண்டு. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

ஐந்து வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1939 பிப்ரவரி 28-ம் தேதி, அந்த நிறுவனத்தின் ஆசிரியர் ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். இந்த வார்த்தைக்கு மட்டும் பூர்வீகம் இல்லை. லத்தீனா, கிரேக்கமா, பிரெஞ்சா? எதுவுமே எழுதவில்லை. ஊரில் எல்லாருக்கும் அப்பா பெயர் இருக்க, ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் விசாரிப்போம் இல்லையா? அவரும் விசாரித்தார். பழைய சீட்டுகளைத் தோண்டினார்கள்.

கிடைத்தது 1931 ஜூலை 31 தேதியிட்ட ஒரு சீட்டு. வேதியியல் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஆஸ்டின் பேட்டர்சன் அனுப்பியது. அவர் சொல்ல வந்தது ரொம்ப எளிது: 'டி' என்ற எழுத்தைச் சுருக்கக் குறியீடாகப் பயன்படுத்தும்போது 'டென்சிட்டி', அதாவது அடர்த்தி என்ற பொருளும் உண்டு; அதையும் பட்டியலில் சேருங்கள். பெரிய எழுத்திலும் எழுதலாம், சின்ன எழுத்திலும் எழுதலாம் என்பதற்காக 'பெரிய டி அல்லது சின்ன டி' என்பதை ஆங்கிலத்தில் சுருக்கமாக 'டி ஆர் டி' என்று தட்டச்சு செய்திருந்தார்.

அந்தக் காலத்தில் தலைப்புச் சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அடிப்பது அங்கே வழக்கம். அதனால் 'டி ஆர் டி' என்ற மூன்று துண்டுகளும் சேர்ந்து, 'டி-ஓ-ஆர்-டி' என்று இடைவெளி விட்டு அடித்த ஒரே வார்த்தையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. சுருக்கக் குறியீடுகளுக்கான கட்டுக்குப் போக வேண்டிய சீட்டு, வார்த்தைகளுக்கான கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் 'பெயர்ச்சொல்' என்று குறித்தார். இன்னொருவர் உச்சரிப்பு போட்டார். ப்ரூஃப் பார்த்தவர்கள் கண்ணிலும் தப்பியது. டோர்டு பிறந்துவிட்டது!

உடனே நீக்கச் சொல்லி உத்தரவு போனாலும், அச்சுப் பிரதிகளிலிருந்து அது ஒரேயடியாக மறைய 1947 வரை ஆனது என்கிறார்கள். அந்த நிறுவனத்தின் ஆசிரியராக இருந்த ஃபிலிப் கோவ் 1954-ல் இந்தக் கதை முழுவதையும் ஒளிக்காமல் ஓர் ஆய்விதழில் எழுதினார். இந்த நேர்மைக்காகவே அவர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். டோர்டுக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்த அகராதிதான். அதற்கு வெளியே, 'இந்தத் திரவத்தின் டோர்டு எவ்வளவு?' என்று ஒரு விஞ்ஞானிகூட எழுதியதில்லை.

எழுத்துப்பிழைக்கு ஏழு தலைமுறைப் பூர்வீகம்

இப்படிப்பட்ட போலிகளுக்கு 'கோஸ்ட் வேர்ட்ஸ்', அதாவது 'பேய்ச் சொற்கள்' என்று பெயர் வைத்தவர் வால்டர் ஸ்கீட். கேம்பிரிட்ஜ் பேராசிரியர். 1886-ல் லண்டன் மொழியியல் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, தான் சேகரித்து வைத்திருந்த போலி வார்த்தைகளை வரிசையாக எடுத்துப் போட்டார். அதில் ஒன்றுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 1808-ல் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் இந்துக்களின் நேர்த்திக்கடன்களைப் பற்றி ஒரு கட்டுரை. கொக்கியில் தொங்குவது போன்றவற்றோடு, சிலர் கைகளில் 'கைம்ஸ்' குத்திக்கொள்கிறார்கள் என்று அதில் இருந்தது. கைம்ஸ் என்றால் என்ன? நம் ஊர் வேல், அலகு மாதிரி ஏதோ ஒரு விசேஷக் கருவியா? ஒன்றுமில்லை. 'நைவ்ஸ்', அதாவது கத்திகள் என்பதில் அச்சுப்பிழை! தெரியாத நாட்டைப் பற்றிய கட்டுரை என்பதால், தெரியாத வார்த்தை வந்ததும் 'அந்த ஊர்ப் பொருள் போல' என்று நம்பி, கொஞ்ச காலம் அதைப் புழங்கவும் செய்தார்கள்.

ஸ்கீட் எடுத்துக்காட்டியதிலேயே உச்சம், வால்டர் ஸ்காட் விவகாரம். 1820-ல் வெளிவந்த அவருடைய 'தி மொனாஸ்டரி' நாவலின் 10-ம் அத்தியாயத்தில், இவ்வளவு சீக்கிரமே கொலை எண்ணத்தை 'மோர்ஸ்' செய்கிறாயா என்ற பொருளில் ஒரு பாத்திரம் கேட்கிறது. மோர்ஸ் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' என்ற இதழில் இரண்டு அறிஞர்கள் களத்தில் இறங்கினார்கள். ஒருவர், 'துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது' என்றார். இன்னொருவர், 'கடிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் மூலம். மனதைக் கடித்துக் குதறும் எண்ணம் என்று பொருள்' என்றார். 50 வருடமாக லட்சக்கணக்கானோர் படித்த புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்து, அதை யாருமே கவனிக்காமலா இருப்பார்கள் என்றும் அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால், ஸ்காட்டின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் தெளிவாக இருந்தது, 'நர்ஸ்'. எண்ணத்தை ஊட்டி வளர்க்கிறாயா என்றுதான் அந்தப் பாத்திரம் கேட்டிருக்கிறது. அச்சுக் கோத்தவர் கண்ணுக்கு முதல் இரண்டு எழுத்துகள் வேறு மாதிரித் தெரிந்திருக்கின்றன. அவ்வளவுதான்!

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த இரண்டு அறிஞர்கள்தான். படிப்பு அதிகம் இருந்ததால்தான் ஏமாந்தார்கள். 'இந்த வார்த்தையை வேறு யாராவது எங்கேயாவது பயன்படுத்தியிருக்கிறார்களா?' என்று தேடுவதற்கு முன்பே, 'எங்கிருந்து வந்திருக்கும்?' என்று ஆராயக் கிளம்பிவிட்டார்கள். நம் வாட்ஸ்அப்பில் சுற்றும் பல பூர்வீக ஆராய்ச்சிகளுக்கும் இதே வியாதிதான்.

இங்கிலாந்து அரசர்களின் இரட்டைக் கிரீடத் தொப்பிக்கு 'அபகாட்' என்று பெயர் என்றும் ஒரு காலத்தில் அகராதிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 'பைகாக்கெட்' என்ற ஒரு வகைத் தொப்பி, முன்னால் நிற்கும் 'அ' என்ற ஒருமைச் சொல்லோடு ஒட்டி, பிரதியெடுத்தவர்கள் கையில் உருமாறி, அபகாட் ஆகிவிட்டது. ஓர் அகராதியைப் பார்த்து அடுத்த அகராதி, அதைப் பார்த்து இன்னொன்று என்று தலைமுறை தலைமுறையாக ஓடியது. 1882-ல் ஜேம்ஸ் மரே வந்துதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

தகரக் கொட்டகையில் சீட்டுகள்

யார் இந்த மரே? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர். 1879-ல் பொறுப்பேற்றவர், வீட்டருகே தகரக் கொட்டகை போட்டு, அதற்கு 'ஸ்கிரிப்டோரியம்' என்று கம்பீரமாகப் பெயர் வைத்து உட்கார்ந்துவிட்டார். பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள். ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் சின்னச் சீட்டில் அந்த வார்த்தை, அது வந்த முழு வாக்கியம், புத்தகத்தின் பெயர், வருடம், பக்கம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஆசிரியர்கள், பாதிரியார்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் எழுதினார்கள். அதிகம் அனுப்பியவர்களில் ஒருவர், கொலை வழக்கில் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் மைனர். அவர் கதையைத் தனியாகவே எழுதலாம். 1928-ல் முதல் பதிப்பு முழுமை பெற்றபோது, அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும், அவற்றுக்குச் சாட்சியாக சுமார் 18 லட்சம் மேற்கோள்களும் இருந்தன. அதைப் பார்க்க மரே இல்லை. 1915-லேயே இறந்துவிட்டார்.

அவருடைய முறை ஒரே வரியில் அடங்கிவிடும். 'இப்படி ஒரு வார்த்தை இருக்கிறது' என்று யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். 'யார், எப்போது, எந்த வாக்கியத்தில் எழுதினார்?' என்று கேட்பார்.

அகராதிக்காரர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, பயன்பாடு. மற்றொன்று, குறிப்பிடல். குழப்பமாக இருக்கிறதா? டீக்கடைக்கு வாருங்கள். 'அண்ணே, ரெண்டு வடை குடுங்க' என்றால் அது பயன்பாடு. 'வடை என்பது உளுந்தில் செய்யும் பலகாரம்' என்றால் அது குறிப்பிடல். முதல் ஆளுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. இரண்டாவது ஆள் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆயிரம் பேர் இரண்டாவது மாதிரி எழுதியிருந்தாலும், முதல் மாதிரி ஒருவர்கூட இல்லையென்றால், அந்த வார்த்தைக்கு உயிர் இல்லை.

மரே இதற்கு ஓர் அழகான குறியீடு வைத்திருந்தார். 'அரிது' என்ற குறிப்புக்கு மேல் குட்டியாக மைனஸ் பூஜ்ஜியம் போட்டிருந்தால், மற்ற அகராதிகளில் மட்டும்தான் இந்த வார்த்தை இருக்கிறது, யாரும் பயன்படுத்திய ஆதாரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மைனஸ் ஒன்று என்றால், ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது என்று அர்த்தம். அகராதியே 'என்னை முழுசாக நம்பாதே' என்று காதில் சொல்கிற மாதிரி!

இன்றைக்கு இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதும் 'விக்‌ஷனரி'யும் இதே வழியில்தான் போகிறது. ஒரு வார்த்தை சந்தேகத்துக்கு உள்ளானால், ஒருவரையொருவர் பார்த்து எழுதாத மூன்று தனித்தனிப் பயன்பாடுகள் வேண்டும். அவை அழிந்துபோகாத பதிவாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருட இடைவெளியில் பரவியிருக்க வேண்டும். ஒரே வாரத்தில் டிரெண்டாகி மறைந்தது கணக்கில் வராது.

உங்கள் போனிலேயே பார்க்கலாம்

மரேவுக்குத் தகரக் கொட்டகை தேவைப்பட்டது. நமக்கு ஒரு போன் போதும். சந்தேகப்படும் வார்த்தையை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். வரும் பக்கங்களில் எல்லாமே 'இதன் பொருள்', 'நீங்கள் அறியாத 20 வார்த்தைகள்' என்ற ரகமாக இருந்தால், கொஞ்சம் உஷாராக இருங்கள். அத்தனையும் குறிப்பிடல்தான். அடுத்து, அதே வார்த்தையை 'கூகுள் புக்ஸ்'ஸில் தேடுங்கள். அங்கே கதையிலோ, கட்டுரையிலோ, கடிதத்திலோ, பொருள் விளக்கம் எதுவும் இல்லாமல் இயல்பாக ஒரு வாக்கியத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகள் 1803 முதல் இணையத்தில் கிடைக்கின்றன. 'கோகா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 1990 முதல் திரட்டிய 100 கோடி வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு வார்த்தை நாளிதழில் எத்தனை தடவை, சினிமா வசனத்தில் எத்தனை தடவை என்று பிரித்தே காட்டும்.

பழைய புத்தகங்களில் தேடும்போது ஒரு பொறி உண்டு. 1800-க்கு முன்பு அச்சான ஆங்கிலப் புத்தகங்களில் 'எஸ்' எழுத்தை நீட்டி, கிட்டத்தட்ட 'எஃப்' மாதிரியே அச்சிடுவார்கள். ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டர் அதை 'எஃப்' என்றே படித்துவிடும். அதனால் 'பெஸ்ட்' என்ற சாதாரண வார்த்தை 'பெஃப்ட்' ஆகி, 18-ம் நூற்றாண்டு முழுக்க மக்கள் 'பெஃப்ட், பெஃப்ட்' என்று எழுதிக்கொண்டிருந்த மாதிரி வரைபடம் காட்டும். அந்தக் காலத்தில் அச்சுக் கோப்பவர் செய்ததை இந்தக் காலத்தில் ஸ்கேனர் செய்கிறது. முடிவைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அந்தப் பக்கத்தின் படத்தையே திறந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி புதுசு. ஏ.ஐ-யிடம் 'இந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் கொடு' என்றால், பிரமாதமாகக் கொடுக்கும். இல்லாத வார்த்தைக்கும் கொடுக்கும். அது நீங்கள் கேட்டதற்காக அப்போதே சமைத்த வாக்கியம். சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. யார், எப்போது, எங்கே எழுதினார் என்ற மரேவின் கேள்வியை அதனிடமும் கேளுங்கள். அது சொல்லும் புத்தகத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

ஒலியும் காட்டிக்கொடுக்கும். 1903-ல் ரூபர்ட் ஹியூஸ் வெளியிட்ட இசை அகராதியின் கடைசி வார்த்தை, இரண்டு 'இசட்', ஓர் 'எக்ஸ்', ஒரு 'ஜே' என்று ஆரம்பிக்கும் ஒரு விநோதம். மாவோரி மக்களின் முரசு என்று பொருள் கொடுத்திருந்தார்கள். மாவோரி மொழியில் இந்த எழுத்துகள் எதுவுமே கிடையாது! இந்த எளிய உண்மையைச் சுட்டிக்காட்டி, அது குறும்புக்காகச் சேர்த்த கற்பனை என்று 1976-ல்தான் ஒருவர் எழுதினார். அதுவரை 'ஆங்கில அகராதியின் கடைசி வார்த்தை' என்று ஊரெல்லாம் அதைச் சிலாகித்துக்கொண்டிருந்தது.

தரூர் வார்த்தைகள் பாஸா?

ஆங்கில வார்த்தை என்றதும் சசி தரூர் வராமல் இருப்பாரா? 2017 மே மாதம் அவர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று போட, இந்தியாவே அகராதியைத் தேடி ஓடியது. சோதித்துப் பார்த்தால், ஃபராகோ அக்மார்க் வார்த்தை. 17-ம் நூற்றாண்டிலிருந்து கட்டுரைகளிலும் விமர்சனங்களிலும் இயல்பாக வந்துகொண்டிருக்கிறது. 'தாறுமாறான கலவை' என்று பொருள். லத்தீனில் அதன் மூலப் பொருள் என்ன தெரியுமா? மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம்!

2018-ல் தன் புத்தகத்தை அறிவித்தபோது அவர் போட்ட 'ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' கொஞ்சம் சிக்கலான கேஸ். 29 எழுத்துகள். 'ஒன்றுமில்லாததாகக் கருதுவது' என்று பொருள். மாணவர்கள் மனப்பாடம் செய்த லத்தீன் இலக்கணச் சொற்களை வேடிக்கைக்காக ஒட்டி உருவாக்கியது. 1741-ல் வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற கவிஞர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நமது வால்டர் ஸ்காட்டும் தன் டைரியில் எழுதியிருக்கிறார், அதுவும் ஓர் எழுத்தை மாற்றி! 2012-ல் ஜேக்கப் ரீஸ்-மாக் என்ற எம்.பி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே பேசினார். ஆகப் பயன்பாடு இருக்கிறது. ஆனால், பயன்படுத்திய எல்லாரும் 'பார்த்தீர்களா, எவ்வளவு நீளம்!' என்று கண்ணடித்துக்கொண்டே பயன்படுத்தியிருக்கிறார்கள். என் தீர்ப்பு: பாஸ், ஆனால் கிரேஸ் மார்க்கில்.

45 எழுத்துகளில் 'நியூமோனோ...' என்று ஆரம்பிக்கும் நுரையீரல் நோயின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்லிக் கைதட்டல் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1935-ல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், மிக நீளமான வார்த்தை வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது அது. பெரிய அகராதிகளில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால், கல்குவாரித் தொழிலாளியின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டர் தன் சீட்டில் எழுதுவது 'சிலிகோசிஸ்' என்றுதான்.

இன்ஸ்டா பிரியர்களின் செல்ல வார்த்தை 'பெட்ரிகோர்'. மழை பெய்ததும் வரும் மண்வாசனை. இது ஏதோ பழங்காலக் கவிதைச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, இதற்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வைத்த பெயர். கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லையும், தெய்வங்களின் ரத்தத்தைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்திருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் அந்த வாசனையைப் பிடித்து அத்தராக விற்பதையும் அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். முழு மதிப்பெண். என்ன, 'மண்வாசனை' என்று நாம் நாலு வயதிலேயே சொல்லிவிட்டதை அவர்கள் 1964-ல்தான் சொன்னார்கள்.

இதற்கு நேரெதிர் 'சாண்டர்'. 'சாலையில் போகிற ஒவ்வொருவருக்கும் நம்மைப் போலவே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்ற திடீர் உணர்வு' என்று இன்ஸ்டா பயோக்களில் பார்க்கலாம். ஜான் கோனிக் என்ற அமெரிக்கர், பெயரில்லாத உணர்வுகளுக்குப் பெயர் வைக்கிறேன் என்று 2012-ல் தானாகவே உருவாக்கிய சொல். அவர் அதை மறைக்கவும் இல்லை. பகிர்ந்தவர்கள்தான் 'ஆங்கிலத்தின் அபூர்வ வார்த்தை' என்று மாற்றிவிட்டார்கள். இப்போது சிலர் விளக்கம் இல்லாமலே எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். ஆகவே, இதன் ரிசல்ட் நிறுத்திவைப்பு!

நாம் ஃபெயில் ஆக்கிய வார்த்தை

'மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணிட்டாங்க' என்று சொல்லி, 'அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது' என்று திட்டு வாங்கியவர்கள் கை தூக்குங்கள். எத்தனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில், எத்தனை பேர் வாயை இந்த ஒரு வார்த்தை மூடியிருக்கும்!

இதே சோதனையை ப்ரீபோனுக்கும் வைத்துப் பாருங்கள். போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக இதை உருவாக்கிக்கொள்கிறேன் என்று 1913-லேயே 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அது பிடிக்கவில்லை. இந்தியாவில் பிடித்தது. விமான நேரம், தேர்வுத் தேதி, கல்யாண முகூர்த்தம் என்று நம் நாளிதழ்களிலும் அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் விளக்கம் எதுவும் இல்லாமல் தினமும் வந்துகொண்டிருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத மூன்று பயன்பாடு கேட்டால், ஒரே வாரத்தில் முந்நூறு கொடுக்கலாம். 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இருக்கிறது. 2016-ல் நம் 'ஐயோ'வும் அதே அகராதிக்குள் போய்விட்டது. தென்னிந்தியா, இலங்கை வழக்கு என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள்.

ஆக, அடர்த்திக்கு யாருமே பயன்படுத்தாத டோர்டு, கெத்தாகப் பல வருடம் அகராதியில் உட்கார்ந்திருந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ப்ரீபோன் 'தப்பு இங்கிலீஷ்' என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. லண்டன் ஆபீஸுக்கு மெயில் அனுப்பும்போது ப்ரீபோனுக்கு பதிலாக வேறு வார்த்தை போடுவது நல்லதுதான். அங்கே பலருக்கு அது புரியாது. புரியாது என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு.

அகராதிக்குள் போன வார்த்தை அங்கேயே பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பெரிய ஆக்ஸ்போர்டு அகராதி பொதுவாக எதையும் வெளியே தள்ளுவதில்லை. வழக்கொழிந்தால் பக்கத்தில் ஒரு சிறு கத்திக் குறியைப் போட்டு வைத்துக்கொள்ளும். கையடக்க அகராதிகளுக்கு அந்த வசதி இல்லை. பக்கங்கள் குறைவு என்பதால் புழங்காததை நீக்கித்தான் ஆக வேண்டும். அப்படி மெரியம்-வெப்ஸ்டரின் கல்லூரி அகராதி 2003-ல் நீக்கிய வார்த்தை 'ஸ்னாலிகோஸ்டர்'. 19-ம் நூற்றாண்டு அமெரிக்க வார்த்தை. 'சாமர்த்தியம் உண்டு, கொள்கை மட்டும் கிடையாது' என்கிற ரக அரசியல்வாதி என்று பொருள். 1952-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் மேடையில் முழங்கிய வார்த்தை. அதற்குப் பிறகு படிப்படியாகப் புழக்கம் குறைந்து, யாரும் தேடவில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

2017-ல் மறுபடியும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மக்கள் மீண்டும் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம். யாரைப் பார்த்து என்றெல்லாம் கேட்கக் கூடாது!